உரியவர் தானே வந்து கேட்கவும்

யெசேனியா கான்ட்டு தன் காரின் டிக்கியை அவளாகவேதான் திறந்து காட்டினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "பாக்கலாமா?" என்று வெர்னா ஸ்டோவல் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூட உணவுக்கூடத்தின் பின்வாசலில், காலை பத்தரை மணிக்கு, தலையில் வலைத்தொப்பி போட்ட நான்கு பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இருபது வருஷம் ஷெரீஃப் ஆபீஸில் இருந்த ஒருத்தி வந்து அப்படிக் கேட்டால், முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

டிக்கியில் ஒரு ஸ்டெப்னி, ஒரு சலவைத்தூள் பெட்டி, மடக்கி வைத்த சக்கர நாற்காலி. வெர்னா நாற்காலியை நகர்த்தினாள், விரிப்பைத் தூக்கினாள், ஸ்டெப்னிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். பிறகு முன்சீட்டுப் பெட்டி. பிறகு கைப்பை. எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியாக யெசேனியாவே சீட்டில் இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, வெர்னாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். மடித்து வைத்த இரண்டு டார்ட்டியா ரொட்டி, கொஞ்சம் பீன்ஸ்.

"இதையும் பாத்துடுங்க," என்றாள்.

வெர்னா பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது என்பது மூடியை மூடிய பிறகுதான் உறைத்தது.

"சனிக்கிழமை வகுப்புல இருந்து நான் ஏன் சீக்கிரம் கிளம்பினேன்னு நீங்க கேக்கவேயில்ல," என்றாள் யெசேனியா. குரல் உயரவில்லை. "பன்னெண்டரைக்கு எங்கம்மாவை டயாலிசிஸ்ல இருந்து கூட்டிட்டு வரணும். ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மாடி ஜன்னலில் பள்ளியின் தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூட வளாகத்தில், அங்கே வேலை செய்கிறவளின் காரில், துப்பாக்கி தேடுகிறார்கள். அந்தச் செய்தி மாடி ஏற அரை நிமிஷம் போதும். வெர்னா நன்றி சொன்னாள். நான்கு பெண்களும் முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள்.

காரில் ஏறி ஐந்து நிமிஷம் ஆகியும் ராய்ஸ் பிக்கெட் வாயைத் திறக்கவில்லை. அதுவே ஒரு விபரீதம். ஷெரீஃப் வேலையை விட்டபின் தனியாகத் துப்பறியும் தொழில் நடத்தும் வெர்னாவுக்கு ராய்ஸ் உதவியாளன். வயது நாற்பத்தாறு. பன்னிரண்டு வருஷம் உள்ளூர் ரேடியோவில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தவன். ஒருநாள் காலையில், "நேத்து மாதிரியேதான் இருக்கு, நம்பிக்கை இல்லேன்னா ஜன்னலைத் திறந்து பாத்துக்குங்க" என்று சொல்லி வேலையைத் தொலைத்தவன். சவ ஊர்வலத்தில்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள், இன்று ஸ்டியரிங்கைப் பார்த்தபடி ஓட்டினான்.

வெர்னா வழக்கை மனதுக்குள் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். டன்பார் க்ரீக் வட்டாரத்தில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த பாதிப் பேருக்கு வாத்தியார் ஹாலிஸ் மெர்ரிட். அறுபத்தெட்டு வயது. துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடும் லைசென்ஸுக்காக வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே தகர ஷெட்டில் வகுப்பு எடுக்கிறார். வெர்னா ஷெரீஃப் ஆபீஸில் சேர்ந்த புதிதில் அவளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். வகுப்பு தவறாமல் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். துப்பாக்கிக்கு இரண்டே இடம்: ஒன்று உன் இடுப்பு, இன்னொன்று பூட்டிய பெட்டகம். மூன்றாவது இடம் கிடையாது.

வசந்தத்தில் அவர் புதிதாக ஒன்று வாங்கினார். ஐந்து தோட்டா கொள்ளும் சின்ன ரிவால்வர். குறிபார்க்கும் கண்ணாடியைத் துப்பாக்கியின் தலையில் பொருத்திக்கொள்ள வசதியாக, மேல்பக்கத்தைச் செதுக்கித் திருகுத் துளையும் போட்டே விற்கிற புது ரகம். கட்டைவிரல் நுனி அளவுக் கண்ணாடி. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. சுடவேண்டியதன் மேல் புள்ளியை வைத்தால் போதும், குழல்மேல் இருக்கும் முன் முள்ளையும் பின் பள்ளத்தையும் ஒரே கோட்டில் சேர்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. சட்டைக்குள் மறைத்து நாள் முழுக்க வைத்திருக்கலாம். அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று அவரிடம் மட்டும்தான் இருந்தது. சர்ச் விருந்தில், பிக்கப் நிறுத்துமிடத்தில், தோட்டாவைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார்.

போன சனிக்கிழமை மாணவர்கள் அதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஹாலிஸ் பையில் கைவிட்டார். இல்லை. காலையில் இடுப்பில் போட்டுக்கொண்டுதான் வந்தேன், ஷெட்டுக்குள் வந்ததும் கழற்றி இந்தப் பையில்தான் வைத்தேன் என்றார். ஏழு மாணவர்களில் ஒருத்தி மட்டும் முன்பே கிளம்பிப் போயிருந்தாள். யெசேனியா. ஹாலிஸ் யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. திங்கட்கிழமை அவர் மனைவி நடீன் வெர்னாவைத் தேடி வந்தாள். தோட்டாவோடு ஒரு துப்பாக்கி ஊருக்குள் யார் கையிலோ இருக்கிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை, ஷெரீஃபிடம் போகவும் இவர் விடமாட்டேன் என்கிறார் என்று அழுதாள். ஹாலிஸ் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேம், ஒண்ணு சொல்லலாமா?" என்றான் ராய்ஸ்.

"சொல்லு."

"மத்த ஆறு பேருக்கும் போன் பண்ணிப் பேசினீங்க. டெல்மா எப்படி இருக்கா, கன்னுக்குட்டி தேறிடுச்சான்னுகூடக் கேட்டீங்க. இவங்க டிக்கியை மட்டும்தான் நேர்ல போய்த் திறக்கச் சொன்னீங்க."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. வெர்னாவுக்குக் காது மடல் சுட்டது. சீக்கிரம் போனவள் அவள்தானே என்று சொல்ல வாயெடுத்தாள். அது காரணம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. மற்ற ஆறு பேரும் அவள் கூடவே வளர்ந்தவர்கள், ஒரே சர்ச், ஒரே கடைத்தெரு. இவள் தெற்கிலிருந்து நாலு வருஷம் முன்னால் வந்தவள். பேச்சில் ஸ்பானிஷ் வாடை. வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது அவள் போன் துடித்தது. தீவனக்கடை வைத்திருக்கும் மாணவர் ஒருவர், அவள் கேட்டிருந்தபடி, சனிக்கிழமை வகுப்பில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு, வகுப்பு ஆரம்பிக்கும் முன், ஷெட்டு வாசலில் எடுத்த படம். ராய்ஸ் காரை ஓரம் கட்டினான். எட்டிப் பார்த்தான்.

"எல்லாரும் சிரிக்கறாங்க. ஹாலிஸ் சார் மட்டும் பல் பிடுங்க வந்த ஆள் மாதிரி நிக்கறார்."

வெர்னா படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைவிட இடுப்புதான் அவளை இழுத்தது. வகுப்பு நாளில் மாணவர்கள் பார்த்துப் பழக வேண்டும் என்பதற்காக ஹாலிஸ் துப்பாக்கி உறையைச் சட்டைக்கு வெளியே போட்டிருப்பார். அந்த உறை அவளுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவர் போடுகிற பழுப்புத் தோல் உறை. துப்பாக்கியின் தலைக்கு மேலாக ஒரு பட்டை வளைந்து வந்து பித்தானில் மாட்டிக்கொள்ளும்.

"ராய்ஸ், இந்தப் பட்டையைப் பாரு. துப்பாக்கித் தலையில கண்ணாடி நிமிர்ந்து நின்னா இது மாட்டுமா?"

ராய்ஸ் கொஞ்ச நேரம் பார்த்தான். "தொப்பி போட்ட துப்பாக்கி. பழைய வீட்டுக்குள்ள நுழைஞ்சா தலை இடிக்கும்."

"அதான். புதுசுக்குக் கண்ணாடி வெளியே தெரியற மாதிரி மேல வெட்டு விட்ட உறை ஒண்ணு வாங்கினார். எனக்கே காட்டினார். சனிக்கிழமை காலையில அவர் இடுப்புல இருக்கறது பழைய உறை, பழைய துப்பாக்கி. புதுசை இடுப்புல போட்டுட்டு வந்தேன்னு சொன்னது பொய்."

பையில் தனியாகக் கொண்டுவந்திருக்கலாமே என்று ராய்ஸ் கேட்டான். கொண்டுவந்திருந்தால் அதை அப்படியே சொல்லியிருக்கலாம், அதற்கு ஒரு பொய் தேவையில்லை என்றாள் வெர்னா. ராய்ஸ் வழி நெடுக ஊகங்களை அடுக்கினான். விற்றுவிட்டார். ரகசியமாக ஒரு பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். ஆற்றில் மீன் பிடிக்கும்போது தவறவிட்டு, இப்போது ஒரு கெளுத்தி மீன் ஆயுதத்தோடு திரிகிறது. வெர்னா எதற்கும் சிரிக்கவில்லை. ஏழு பேரை விசாரித்தவள் எட்டாவது ஆளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாத்தியாரை யார் சோதிப்பார்கள் என்ற மெத்தனம். அந்த மெத்தனத்துக்கான விலையை இன்று காலை ஒருத்தி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுத்திருக்கிறாள்.

மெர்ரிட் வீட்டில் ஹாலிஸ் இல்லை. கதவுக் கீல் வாங்கப் போயிருப்பதாக நடீன் சொன்னாள். இருவரையும் சமையலறையில் உட்காரவைத்து, குளிர்ந்த இனிப்புத் தேநீரும் நேற்றுச் சுட்ட பீச் பழப் பலகாரமும் வைத்தாள். வைத்த கையோடு கேட்டாள்:

"அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டாளா?"

வெர்னா முள்கரண்டியைத் தட்டிலேயே வைத்தாள். இல்லை, அவளிடம் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு, புதுத் துப்பாக்கியின் உறை வீட்டில் இருக்கிறதா, பார்க்கலாமா என்று சாதாரணமாகக் கேட்டாள். நடீன் படுக்கையறைக்குப் போய் டிராயரைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு உறை. மேலே வெட்டு விட்டது. காலி.

நடீன் தேநீர் ஜாடியை நிரப்பத் திரும்பியபோது ராய்ஸ் குனிந்து காதோரம் சொன்னான்: "நல்ல திருடன் மேம். துப்பாக்கியை எடுத்துட்டு, உறையை வீட்டுக்கு வந்து டிராயர்ல மடிச்சு வச்சிட்டுப் போயிருக்கான்."

சொல்லிவிட்டு அவன் வழக்கம்போல் வீட்டை நோட்டம் விட எழுந்தான். ஃபிரிட்ஜ் கதவில் போன ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் அறிவிப்புத்தாள் காந்தத்தில் தொங்கியது. எதையும் வானிலை அறிக்கை மாதிரி வாசிப்பது அவன் பழக்கம். கனத்த குரலில் ஆரம்பித்தான்.

"கண்டெடுக்கப்பட்டவை. குழந்தையின் இடது கால் ஷூ ஒன்று. மூடி இல்லாத பாத்திரம் ஒன்று, உள்ளே இருந்தது காலி செய்யப்பட்டுவிட்டது. சிவப்புப் புள்ளி உள்ள பொருள் ஒன்று; உரியவர் தானே வந்து கேட்கவும். ஓப்பல் வின்ஸ்லோ, சமையலறை."

கடைசி வரியை வாசிக்கும்போது அவன் குரல் தானாகவே சாதாரணக் குரலாகிவிட்டது.

"ஓப்பல் எப்பவும் அப்படித்தான், வாராவாரம் எதையாவது போடுவா," என்றாள் நடீன். "பூனைக்கு விளையாட்டு காட்டற லைட்டா இருக்கும்னு நெனச்சேன்."

வெர்னா எழுந்தாள். சர்ச்சுக்குப் போகிறோம், ஹாலிஸ் வந்தால் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டோம் என்று மட்டும் சொல் என்றாள். நடீனின் முகத்தில் அப்போது ஏதோ ஒன்று அணைந்தது. உறையை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் வாசல்வரை வந்தாள்.

ஓப்பல் வின்ஸ்லோ முன்பிருந்த பாஸ்டரின் விதவை. எழுபத்திரண்டு வயதிலும் சர்ச் சமையலறைச் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவர்கள் போனபோது, ஒரு துக்க வீட்டு விருந்துக்காக ஐம்பது முட்டைகளை வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் புள்ளி உள்ள பொருளைப் பார்க்க வேண்டும் என்று வெர்னா சொன்னாள்.

"நீ உரியவ இல்லையே," என்றாள் ஓப்பல், முட்டையிலிருந்து கண் எடுக்காமல்.

"இடது கால் ஷூவையாவது நான் கேட்டுக்கலாமா, மிஸ் ஓப்பல்?" என்றான் ராய்ஸ்.

"உன் கால் எனக்குத் தெரியும். கம்முனு நில்லு."

வெர்னா இன்று காலை நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்காமல், டிக்கியை, கைப்பையை, டப்பாவை, மாடி ஜன்னலை. ஓப்பலின் கை நின்றது. சனிக்கிழமை வகுப்பில் திருட்டுப் போனதாக ஹாலிஸ் சொன்ன செய்தி அவள் காதுக்கு வந்திருக்கவில்லை. வாரம் முழுக்க அவள் தங்கை வீட்டில், அடுத்த கவுன்டியில் இருந்துவிட்டு நேற்றிரவுதான் திரும்பியிருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சாமான் அறையைத் திறந்து, பழுதாகிக் கிடந்த பெரிய காப்பி டிரம்மின் மூடியைத் தூக்கினாள். பாத்திரம் துடைக்கிற துணியில் சுற்றிய பொட்டலம். பக்கத்தில் ஒரு ஊறுகாய் ஜாடி. அதில் ஐந்து தோட்டாக்கள்.

துணியை விலக்கியதும், அசைவு பட்டு விழித்துக்கொண்ட கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"எங்க கிடைச்சது?"

"அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. ஆம்பளைங்க பாத்ரூம்ல குழாய் ரிப்பேரு. அதனால சின்னப் பசங்க வகுப்புப் பக்கத்துல இருக்கே, அந்த ஒத்தை பாத்ரூமைத்தான் ஆம்பளைங்களும் உபயோகிச்சாங்க. சோப்பு ஊத்தப் போனேன். துடைக்கிற பேப்பர் பெட்டி மேல உக்காந்திருந்துச்சு. நான் வெளியே வரேன், கதவுக்கு வெளியே பதினோரு குழந்தைங்க வரிசையில நிக்குதுங்க. தலையில காகிதக் கிரீடம். முதல்ல நிக்கறவனுக்கு அவசரம்."

ராய்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டான்.

வெர்னாவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது போலத்தான் இருந்தது. பாவம், கிழவர் எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் மறந்திருக்கிறார், தேடிப் பார்த்துவிட்டுத் திருட்டு என்று அவரே நம்பியிருக்கிறார், உறை விஷயத்திலும் ஞாபகம் குழம்பியிருக்கிறது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். வாத்தியார் மேல் பழி இல்லாமல் போவதில் அவளுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

ஓப்பல் தலையை ஆட்டினாள்.

"மறந்தது நிஜம். தெரியாதுன்றது பொய். இருபது நிமிஷத்துல திரும்பி வந்தான். நேரா அந்த பாத்ரூமுக்குள்ள போனான், வெளியே வந்தான், இதோ இந்த வாசல்ல வந்து நின்னான். முகம் மாவு மாதிரி இருந்துச்சு. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். கேளு, குடுத்துடறேன்னு மனசுல நெனச்சேன். காப்பி கேட்டான். குடிச்சான். சோப்பு ஊத்தியாச்சான்னு கேட்டான். ஊத்தியாச்சுன்னேன். போயிட்டான்."

"அப்ப உங்ககிட்டதான் இருக்குன்னு…"

"அப்பவே தெரியும். பத்திரமா இருக்குன்னும் தெரியும். வாய்விட்டுக் கேக்கறதுதான் முடியல. சரி, எழுதிப் போட்டாலாவது வருவான்னு தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னால அந்த வரியை எழுதிக் குடுத்தேன். அது அச்சாகி வந்தது ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள சனிக்கிழமை அவன் திருட்டுன்னு சொல்லிட்டான், நீ சொல்றதைப் பாத்தா."

ஓப்பல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவனுக்கு வெட்கம் வரட்டும் என்று காத்திருந்தேன், அது வேறொருத்தி தலையில் போய் இறங்கிவிட்டது, அன்றைக்கே கையில் கொடுத்து முகத்துக்கு நேரே திட்டியிருக்க வேண்டும் என்று முட்டைகளைப் பார்த்துச் சொன்னாள்.

ஹாலிஸ் கால்மணி நேரத்தில் வந்தார். பிக்கப் நின்ற சத்தம் கேட்டது. ஆனால் அவர் உள்ளே வர வெகுநேரம் ஆனது. வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். மேஜைமேல் விரித்த துணியில் கிடந்த ரிவால்வரைப் பார்த்தார்.

"கேக்க வந்தேன், ஓப்பல்," என்றார்.

யாரும் உதவவில்லை. அவரே சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். இரண்டு வருஷமாக முன்முள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் புள்ளி வைத்த துப்பாக்கி. அன்று உறையோடு கழற்றாமல் துப்பாக்கியை மட்டும் உருவிப் பெட்டிமேல் வைத்தார். கையைக் கழுவினார், பாட்டு ஆரம்பித்த சத்தம் கேட்டது, போய்விட்டார். இரண்டாவது பாட்டில் இடுப்பைத் தொட்டார். சனிக்கிழமை வகுப்பில் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆறு பேர் ஆவலாகப் பார்த்தபோது, கை பைக்குள் போனது, வாய் தானாகவே திருட்டு என்றது.

"திருட்டுக் குடுத்தவன்னா பரிதாபப்படுவாங்க. மறந்து வச்சிட்டு வந்த வாத்தியாரை என்ன சொல்வாங்க, வெர்னா? முப்பத்தோரு வருஷம் ஒரே பாடம் நடத்தியிருக்கேன்."

"யெசேனியா பேர் அடிபட்டப்ப?"

"நான் அவ பேரைச் சொல்லவேயில்ல."

"அவ இல்லேன்னும் சொல்லல."

வெர்னா டப்பாவைப் பற்றிச் சொன்னாள். இரண்டு டார்ட்டியா, பீன்ஸ் என்று அதையும் சொன்னாள். பெரியவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தரையைப் பார்த்தபடி ஒன்று கேட்டார். துப்பாக்கிதான் கிடைத்துவிட்டதே. எங்கோ வழியில் கிடந்தது, யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று சொல்லிவிட முடியாதா? அந்தப் பெண் மேலும் பழி இருக்காது. எல்லோருக்கும் நல்லது.

அவர் கேட்டது அவளுக்கும் வசதியாக இருந்தது. அவர் மறந்தது வெளியே வராவிட்டால், அவள் பாராமல் விட்டதும் வெளியே வராது. பழைய மாணவி, பழைய வாத்தியார், வழியில் கிடந்த துப்பாக்கி. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு மூச்சு விடுகிற நேரம் அதை அவள் மனம் வைத்துப் பார்த்தது. இரண்டாவது மூச்சும் ஆனது. அப்போது ராய்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவன் பார்வையில் கோபம்கூட இல்லை, வெறும் காத்திருப்பு.

"முடியாது," என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் எடுத்தது இந்த அறையில் நான்கு பேருக்கும் தெரியும் என்பது அவள் முதுகில் ஊர்ந்தது.

வெளியே வந்து யெசேனியாவுக்குப் போன் செய்தாள். அவள் வீட்டில்தான் இருந்தாள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று மத்தியானமே தலைமை ஆசிரியை அனுப்பிவிட்டார். வெர்னா நடந்ததைச் சொன்னாள். இன்றே ஹாலிஸை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னாள். தலைமை ஆசிரியையிடம் தானே பேசுவதாகவும் சொன்னாள். எதிர்முனையில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது; அதை யாரோ அணைத்தார்கள்.

"வீட்டுக்கு வேண்டாம்," என்றாள் யெசேனியா. "நீங்க என் காரைத் திறந்தது வீட்டுல இல்ல."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரை மணி. உணவுக்கூடத்துச் சமையலறையில் பெரிய தட்டுகளில் சோள ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. வலைத்தொப்பிப் பெண்கள் நான்கு பேர், தலைமை ஆசிரியை, நடுவில் வேலை உடையில் யெசேனியா. ஹாலிஸ் நடீனோடு வந்திருந்தார். நடீன் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றாள். முந்தின நாளிலிருந்தே அந்த இரண்டடி அப்படியே இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

ஹாலிஸ் முழுக்கச் சொன்னார். பாத்ரூமை, பதினோரு குழந்தைகளை, காப்பி குடித்ததை. திருட்டு என்று சொன்னது பொய், இவள் பெயர் அடிபட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடக் கேவலம் என்றார். தட்டுகளின் மேல் கைவைத்திருந்த ஒரு பெண் கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பேரன் அந்தச் சர்ச் வகுப்பில் இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. வகுப்பை நிறுத்திவிட்டேன், உனக்கு மட்டும் பாக்கியிருக்கும் சுடும் தேர்வை நடத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறேன் என்று ஹாலிஸ் கடைசியாகச் சொன்னார்.

"உங்க கையெழுத்து எனக்கு வேண்டாம், சார்," என்றாள் யெசேனியா. "அடுத்த கவுன்டியில ஒரு அம்மா நடத்தறாங்க. மொதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கறேன்."

ஹாலிஸ் தலையசைத்தார். நடீன் முதல்முறையாக அந்த இரண்டடியைத் தாண்டி வந்து, அவரை இல்லை, யெசேனியாவின் கையைப் பிடித்தாள். யெசேனியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

பிறகு வெர்னாவின் முறை. கோர்ட்டில் எத்தனையோ தடவை எழுந்து நின்று சாட்சி சொன்னவள். இங்கே கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விசாரிக்காமல் வந்தேன் என்றாள். மற்றவர்களுக்குப் போன் செய்தேன், உன்னை மட்டும் நேரில் வந்து சோதனை போட்டேன் என்றாள். ஏன் உன்னை மட்டும் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது என்றாள். அடுத்ததைச் சொல்லும்போது குரல் அடித்தொண்டைக்குப் போய்விட்டது. அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ராய்ஸ் கதவோரம் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யெசேனியா திரும்பி, அடுப்புப் பக்கம் கைகாட்டினாள். அங்கே, ஆவி எழும் அண்டாவுக்குப் பின்னால் அந்த நால்வரில் வயதான பெண் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றாள். "நேத்து நீங்க கேட்டது மட்டும் நல்லா கேட்டுச்சாம். இதையும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

வெர்னா அடுப்புப் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் அண்டாவின் தீயைக் குறைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

வெர்னா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.